எட்டரை மணி

மழை அளக்கிறவர்கள் நாங்கள் முப்பத்தொரு பேர்.
காரைக்குடி, கோட்டையூர், புதுவயல், பள்ளத்தூர்,
தேவகோட்டையிலிருந்து இரண்டு டீச்சர்கள்,
கண்டனூரிலிருந்து பெயர் போடாமல் ஒருவர்,
முகத்துக்குப் பதில் தவளைப் படம்.
ஆளுக்கொரு புனல், ஒரு குப்பி, ஒரு அடிக்குச்சி.
வானம் பார்த்த சீமையில் அளக்க என்ன இருக்கு
என்று என் வீட்டுக்காரர் சிரித்தார்.
மருந்துக்கடையில் சில்லறை எண்ணும் நேரம் போக
குழுவுக்கு நான்தான் அட்மின்.

முதல் சண்டை கானாடுகாத்தானிலிருந்து வந்தது.
லெட்சுமணன் வளவுக்குள் குப்பியை வைத்துவிட்டு
இருநூற்றுப் பன்னிரண்டு மில்லிமீட்டர் என்று போட்டார்.
நாலு பக்கக் கூரைத் தண்ணியும் கொட்டுகிற இடம்.
"எங்க வீட்டுக்குள்ள பெஞ்சது எங்க மழைதானே?"
பதினோரு நாள் ஓடியது அது.

அடுத்தது பள்ளத்தூர் ஏகப்பன்.
எடைமேடையில் முப்பது வருஷம் சீட்டு எழுதியவர்.
லாரி ஏறினால் ஒரு சீட்டு, இறங்கினால் ஒரு சீட்டு.
மழைக்கும் அதே வழக்கம்.
2.10: தெற்கே கருக்கல்.
2.14: மண்வாசனை. இங்கே இல்லை, எங்கேயோ.
2.15: ஒரு சொட்டு, வலது முழங்கையில்.
2.16: இன்னொன்று. அதே கை.
0.2. 0.2. 0.4.
குப்பியின் படம். டார்ச் அடித்து அதே குப்பி.
தகரத்தில் விழும் சத்தம், ஒன்றரை நிமிஷம்.
மழை இல்லாத நாளில்
இல்லை என்பதை மூன்று வேளையும்.

"வகுப்புல பை அதிர்ந்துக்கிட்டே இருக்கு," ஸ்டெல்லா டீச்சர்.
"பிடிக்காதவங்க சத்தத்தை அணைச்சு வைங்க," தவளை.
"அப்ப குழு எதுக்கு? டைரி வாங்கிக்கச் சொல்லுங்க."
புதுவயல் ரபீக் அறிவித்துவிட்டு வெளியேறினார்.
மறுநாள் அறிவிக்காமல் திரும்பி வந்தார்.
தினமும் விடியுமுன் ரோஜாப்பூவும் வேலும் அனுப்பும்
என் நாத்தனாரை ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.
நானும் சொல்லவில்லை,
அதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

லெட்சுமணன்தான் வழி சொன்னார்:
"கோயில் கணக்கு மாதிரி வச்சுக்குவம்.
புள்ளிக்கு ஒரு வரி."
எல்லாருக்கும் பிடித்துவிட்டது அந்த வார்த்தை.
காலை எட்டரைக்கு, ஊர்ப்பெயர், அளவு, அவ்வளவே.
ஏகப்பன் ஏழு நிமிஷம் தட்டச்சு செய்வது
மேலே தெரிந்துகொண்டிருந்தது.
கடைசியில் வந்தது: "சரி."

ஐப்பசி பிறந்து நாலாம் நாள், நடு ராத்திரி
பிடித்தது பாருங்கள் ஒரு மழை.
கரண்டு போனது. போனில் மட்டும் வெளிச்சம்.
முப்பத்தொரு பேரும் முழித்திருந்தோம், எனக்குத் தெரியும்.
யாரோ தட்டச்சு செய்வார்கள், நிறுத்துவார்கள்.
வேறு யாரோ தொடங்குவார்கள், நிறுத்துவார்கள்.
'வாசல் சாக்கடை நிரம்பிருச்சு' என்று நான் அடித்து
நானே அழித்தேன்.
என் விதி.

எட்டரைக்குப் பள்ளிக்கூட வருகைப்பதிவு போல வந்தது:
காரைக்குடி 58. கோட்டையூர் 61.
கானாடுகாத்தான் 64, மாடியில் வைத்து.
பள்ளத்தூர் 63.4.
அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.
ஒரு ரோஜாப்பூ.

தனியாகக் கேட்டேன் ஏகப்பனிடம்:
"எத்தனை மணிக்குப் பிடிச்சுச்சு அங்கெ?"
"விதிப்படி எட்டரைக்கு" என்று பதில்.
குத்தலா, குறும்பா, எழுத்தில் தெரியவில்லை.

மத்தியானம் ஒரு படம் வந்தது, எனக்கு மட்டும்.
பழைய எடைச்சீட்டின் பின்பக்கம்,
பால்பாயின்ட் பேனாவில், ஈரம் பட்ட எழுத்து.
1.05-லிருந்து 5.50 வரை நாற்பத்தாறு வரிகள்.
இருமலுக்கு மருந்து கேட்டு நின்றவரைக்
கொஞ்சம் பொறுங்க என்றேன்.

3.22: இங்கே விட்டாச்சு.
காரைக்குடிப் பக்கம் மின்னுது. அங்கே இப்ப ஊத்தும்.

தப்பு.
3.22-க்கு இங்கேயும் விட்டிருந்தது.
நான் மாடியில் நனைந்த துண்டோடு நின்று
பள்ளத்தூர்ப் பக்கம் மின்னுவதைப் பார்த்து
அங்கே ஊத்தும் என்று நினைத்தேன்.
எழுத எடுத்தேன்.
இருமல்காரர் கண்ணாடியைத் தட்டினார்.